ஐந்தாம் மூச்சு

ஹெட்போனை இரவல் கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. அடுத்தவன் காதில் மணிக்கணக்காக ஊறிய பஞ்சை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொள்ள எப்படித்தான் மனசு வருகிறதோ. நேற்று நீங்கள் என் ஹெட்போனை மேஜையிலிருந்து எடுத்து, ஒரு துணியால்கூடத் துடைக்காமல் மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டீர்கள். உங்களுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு தடவை மாட்டிக் கேட்டார்கள். அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் தட்டைத் தள்ளி வைத்ததை நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது உங்கள் முகத்தில் தெரிந்தது. தப்பாக நினைக்க வேண்டாம். காரணம் ஹெட்போன்தான்.

எழுதித் தரச் சொன்னீர்கள். அதுவும் நல்லதுதான். பேசினால் நான் அதைத் தொட்டு இதைத் தொட்டு வளவளவென்று போவேன். எழுதினால் ஒழுங்காக வரும். இந்தப் பேனா கசிகிறது, விரலெல்லாம் மை. இருக்கட்டும், எழுதிவிடுகிறேன்.

நான் வீடியோ கேம் செய்கிறவன். எனக்குக் கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. அண்ணன் வீட்டின் பின்பக்க அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் ஒட்டிய முட்டை அட்டைகள், அவ்வளவுதான் என் ஸ்டூடியோ. என்னைவிட அண்ணன் பதினான்கு வயது மூத்தவர். அப்பாவும் அம்மாவும் போனபின் என்னைப் படிக்க வைத்தது அவர்தான். அந்தக் கம்ப்யூட்டரையும் அவர்தான் வாங்கித் தந்தார். நீங்கள் இதை எனக்கு எதிராக எழுதிக்கொள்வீர்கள் என்று தெரியும். ஆனாலும் உண்மை உண்மைதானே.

நான் செய்துகொண்டிருந்த கேமுக்கு ‘அடிச்சுரங்கம்’ என்று பெயர். இடிந்து விழுந்த ஒரு சுரங்கத்தில் ஓர் ஆள் மாட்டிக்கொள்கிறான். விளையாடுகிறவர்தான் அந்த ஆள். வெளியே வரவேண்டும். திரை முக்கால்வாசி இருட்டு. படம் வரைய ஆள் வைக்க வசதி இல்லாதவன் இருட்டை வைத்துத்தான் கேம் செய்வான், இதில் கலை கத்தரிக்காய் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் நிஜமாகவே என் யோசனை. மற்ற கேம்களில் எவ்வளவு காற்று மிச்சம் என்று திரையின் மூலையில் ஓர் எண்ணோ கோடோ காட்டும். என் கேமில் எதுவும் காட்டாது. அந்த ஆளின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து வகை மூச்சு. முதல் மூச்சு சாதாரணம். ஐந்தாம் மூச்சைக் கேட்டால் இன்னும் ஒரு நிமிடம்தான் பாக்கி என்று அர்த்தம்.

இந்த மாதிரி கேமை ஒருவன் தனியாகச் செய்துவிட முடியாது. இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தேன். நானூறு பேருக்குக் கொஞ்சம் மேல். யாருக்கும் சம்பளம் இல்லை. ஒருவர் படம் வரைந்து தருவார், ஒருவர் வசனத்தை வேறு மொழிக்கு மாற்றுவார், மற்றவர்கள் விளையாடிப் பார்த்துக் குறை சொல்வார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வாரம் செய்ததைப் போடுவேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட்டுப் போடுவார்கள். குழு தொடங்கிய அன்றே ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன்: நீங்கள் ஓட்டில் கேட்பதை நான் செய்வேன், எதிர்த்துப் பேசமாட்டேன். இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அதை மீறியதில்லை. டார்ச் வெளிச்சம் அதிகம் என்று ஓட்டு விழுந்ததும் மூன்று வார வேலையைக் குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்தேன். அதனால்தான் அவர்கள் என்னை நம்பினார்கள்.

அவர்களை எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் ஒருநாள் எல்லோரும் குரலில் கூடிப் பேசுவோம். ஒருவர் மைக்குக்குப் பக்கத்திலேயே எதையாவது மென்றுகொண்டிருப்பார். இன்னொருவர் மூக்கை உறிஞ்சுவார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு உறிஞ்சல், முற்றுப்புள்ளி மாதிரி. நான் கையில் ஈரத்துணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சத்தம்தானே, கையைத் துடைத்து என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் துடைக்கத் தோன்றும்.

அதில் இரண்டு பேரை மட்டும் சொல்ல வேண்டும், இந்த விஷயத்தில் அவர்கள் வருகிறார்கள். ஒருவரைக் ‘காது’ என்று கூப்பிடுவோம். பகலில் எங்கேயோ லிஃப்ட் பழுது பார்க்கிறவர், வீட்டுக்கு வந்தால் ஒலிப்பதிவுதான் உயிர். இன்னொருவர் ஒரு பெண்மணி, ‘பூச்சிமருந்து’. கேமில் உள்ள பிழைகளைப் பூச்சி என்போம். அவர் கண்ணில் ஒன்றும் தப்பாது, அதனால் அந்தப் பெயர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று ஒருமுறை சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூச்சுச் சத்தம் வேண்டும் என்று குழுவில் கேட்டேன். அறுபத்தொரு பேர் பதிவு செய்து அனுப்பினார்கள். நான் அதையெல்லாம் கேட்டேன் என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அறுபத்தொரு வாய். பாதிப் பேர் குளியலறையில் நின்று பதிவு செய்திருந்தார்கள், சொட்டுச் சொட்டாகக் குழாய் கேட்டது. எச்சில் விழுங்கும் சத்தம், உதடு ஒட்டிப் பிரியும் சத்தம், ஒருவருடைய மூச்சுக்கு நடுவில் நாய். மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு வந்து மூச்சு வாங்கினால் அது சாகப்போகிறவன் மூச்சு ஆகிவிடும் என்று அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். ஒருவர் கடைசியில் ‘ஹா’ என்று சினிமாவில் சாவது போலத் தலையைத் தொங்கப் போட்டிருக்கிறார், அதைக்கூட என்னால் கேட்க முடிந்தது. பொய்யான மூச்சைவிட அசிங்கம் உலகத்தில் வேறு இல்லை.

இப்போது அண்ணனைப் பற்றி. அவர் சமையலறை மேடைக்குப் போடும் கல்லை அறுக்கும் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தார். கல் தூசி உள்ளே போய் நுரையீரலில் படிந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில், பக்கத்து அறைக்கு நடந்து போனால்கூட உட்கார்ந்துதான் அடுத்த வேலை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். ஒரு சின்ன அலமாரி அளவு இருக்கும். ராப்பகலாக உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் அவர் மூக்குக்கு. விரலில் ஒரு கிளிப், ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று அது எண்ணில் காட்டும். தொண்ணூறுக்கு மேல் இருந்தால் நிம்மதி. கரெண்ட் போனால் உதவும் என்று கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன சிலிண்டர்.

அண்ணி சலவைக் கடையில் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவார். பகலில் அண்ணனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை, அண்ணியையே கேட்டுப் பாருங்கள். சளி துப்பும் டப்பாவை ஒரு நாளைக்கு நான்கு தடவை நான்தான் கழுவுவேன். பச்சையும் மஞ்சளுமாக அது டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டு வராது, விரல் விட்டுத்தான் எடுக்க வேண்டும். மூக்குக் குழாயின் முனையில் பழுப்பாக ஏதோ படியும். அதையும் கழுவுவேன். கழுவிவிட்டு மூன்று தடவை கைக்கு சோப்புப் போடுவேன். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். “உனக்கு இதெல்லாம் தலையெழுத்தாடா” என்பார், கண் கலங்கிவிடும். டப்பாவைக்கூடச் சகித்துக்கொள்வேன், அந்தக் கண் கலங்கலைத்தான் சகிக்க முடியாது.

ஒருநாள் பகல் பதினோரு மணி இருக்கும். என் அறையில் மைக்கைத் திறந்து வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதோ சரி பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் குழாயைக் கழற்றிவிட்டுத் தானாகவே கழிவறைக்குப் போயிருக்கிறார். திரும்பி வரும்போது முடியவில்லை. என் அறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மூச்சு மைக் வழியாக என் காதுக்குள் வந்தது.

நான் அதுவரை கேட்டதெல்லாம் குப்பை என்று அப்போதுதான் புரிந்தது. இழுக்கும்போது அடித்தொண்டையில் ஒரு சின்ன விசில். விடும்போது பாதியில் நின்று, யோசித்து, பிறகு மிச்சத்தை விட்டது. அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்ப் படுக்க வைத்தேன். ஆனால் அவரைப் பிடிக்க எழுந்து போவதற்கு முன் நாற்பது நொடி கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. கேமில் ஒரு சத்தத்தைச் சுற்றிச் சுற்றி ஓட விட வேண்டுமென்றால் குறைந்தது நாற்பது நொடி வேண்டும்.

சாயங்காலம் அவரிடமே கேட்டேன். ஒளிவு மறைவு எதுவும் இல்லை. மெஷின் ஓடினால் அந்த உர்ர் சத்தம் மைக்கில் விழுந்து எல்லாவற்றையும் கெடுக்கும், அதனால் கொஞ்ச நேரம் அதை நிறுத்த வேண்டியிருக்கும் என்றேன். அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “படுத்தே கிடக்கிறவனுக்கு ஒரு வேலை குடுக்கிறியா, குடுடா” என்றார். மறுநாள் சட்டை மாற்றிக்கொண்டு தலை வாரி உட்கார்ந்திருந்தார். இது ஒலிப்பதிவுதான், யாரும் பார்க்கமாட்டார்கள் என்றேன். “இருக்கட்டும்டா, முதல் நாள் வேலை” என்று சிரித்தார்.

விரலில் இருந்த கிளிப்பை வைத்து ஓர் அட்டவணை போட்டேன். எண் தொண்ணூறில் இருக்கும்போது வருவது முதல் மூச்சு. எண்பத்தைந்து, இரண்டாவது. எண்பது, மூன்றாவது. எழுபத்தைந்து, நான்காவது. ஒரு நாளில் ஒன்று மட்டும், நடுவில் இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுத்து, இரண்டு வாரத்தில் நான்கையும் பதிவு செய்தேன். நான்காவது அன்று அவர் உதடு நீலமாகிவிட்டது. மெஷினைப் போட்ட பிறகும் பத்து நிமிடம் பேசவில்லை. டப்பாவில் துப்பியதில் சிவப்பும் இருந்தது. நான் கழுவினேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான்கையும் குழுவில் போட்டேன். ஆகா ஓகோ என்று தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். யார் அந்த நடிகர் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வீட்டில் ஒருவர் என்றேன். அவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டச் சொல்லி அண்ணன் உயிரை எடுத்தார். ஒருத்தி ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டதாக எழுதியிருந்ததை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் டப்பா வரைக்கும் போனது.

அண்ணிக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. அண்ணன்தான் பெருமையடித்திருப்பார். அண்ணி சத்தம் போடவில்லை. என் அறைக்கு வந்து, துவைத்த துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னார்.

“தம்பி, நீங்க கேட்டா அவர் எதை வேணா செய்வார். அதனாலதான் நீங்க கேக்கக் கூடாது.”

இனிமேல் கேட்கவில்லை என்றேன். அந்தச் சொல்லையும் நான் மீறவில்லை. அதன் பிறகு நான் அண்ணனிடம் எதையும் கேட்கவே இல்லை.

ஐந்தாம் மூச்சு பாக்கி இருந்தது. நான்காவதையே கொஞ்சம் மெதுவாக ஓட விட்டு, சத்தத்தைக் கனமாக்கி ஐந்தாவது என்று போட்டேன். குழு கண்டுபிடித்துவிட்டது. இருநூற்று அறுபது பேர் ஓட்டுப் போட்டதில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஐந்தாவது போலி என்றார்கள். ‘நாலாவதில் பயந்தேன், அஞ்சாவதில் சிரிப்பு வந்தது’ என்று ஒருவன் எழுதினான். அதைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினேன். வாழ்நாளில் ஒரு வரி புரோகிராம் எழுதியிராத, ஒரு கோடு வரைந்திராத ஒருவன், எங்கேயோ சோபாவில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு சிரித்திருக்கிறான். எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. அதைவிட அசிங்கம், அவன் சொன்னது சரி.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார்.

“அஞ்சாவது வேணாம்டா. நாலாவதுலயே கண்ணு இருட்டிடுச்சு. அப்படியே போயிருவேன்னு இருந்துச்சு.”

சரி என்றேன். கோபமா என்று கேட்டார். இல்லை என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னால் முடியாமல் போய்விட்டது என்று மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னார். அவர் கை ஈரமாக இருந்தது. எப்போது விடுவார் என்று காத்திருந்தேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணன் இறந்தார். அன்று நான் எல்லோரிடமும் சொன்னது உங்கள் கோப்பில் இருக்கிறது. பகல் பதினொன்றேகாலுக்குக் கரெண்ட் போனது, மெஷின் நின்றது, சிலிண்டரை நிரப்பக் கொடுத்திருந்தோம், நான் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர் மூச்சுக்கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், சட்டையின் தோள்பட்டை நனைந்துவிட்டது. அதை அப்படியே போட்டுக்கொண்டு இரண்டு நாள் இருக்க வேண்டியதாகிவிட்டது, ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

குழுவுக்கும் சொன்னேன், கரெண்ட் போய் அண்ணன் இறந்துவிட்டார் என்று. நானூறு பேரும் அழுகிற முகப் படமும் உடைந்த இதயப் படமுமாகப் போட்டுத் தள்ளினார்கள். ஒரு விரலால் ஒரு பொத்தானைத் தொட்டு முடித்த துக்கம். நான் வெள்ளிக்கிழமை ஐந்தாம் மூச்சைப் போட்டேன். துக்க வீட்டில் எப்படி வேலை செய்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். வெள்ளிக்கிழமை என்றால் போட வேண்டும், அது வாக்கு. ஞாயிற்றுக்கிழமை ஓட்டை எண்ணினால் போலி என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. இருநூற்று ஐம்பத்தொரு பேர் பிரமாதம் என்றிருந்தார்கள். பூச்சிமருந்து மட்டும் ஓட்டுப் போடவில்லை.

திங்கட்கிழமை அவர் எனக்குத் தனியாக போன் செய்தார்.

“நான் இருபத்தி ரெண்டு வருஷம் ஐசியூல வேலை பாத்தவ. இந்த மூச்சு எனக்குத் தெரியும். இதை யாரும் நடிக்க முடியாது. இது உங்க அண்ணன்தானே?”

ஆமாம் என்றேன். கரெண்ட் போன நேரத்தில் மைக் தற்செயலாகத் திறந்திருந்தது, அவர் நினைவாக அதைக் கேமில் வைத்தேன் என்றேன். இந்தப் பதிலை முன்பே தயார் செய்து வைத்திருந்தேன், கேட்க நன்றாகவே இருந்தது.

“கரெண்ட் போச்சுன்னா பின்னாடி ஓடுற மோட்டார் எது தம்பி?”

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. போனை வைத்துவிட்டு அந்த மோட்டாருக்காகப் பதிவைக் கேட்டேன். கேட்கவில்லை. சத்தத்தை மேலே ஏற்றி, ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். மூச்சுக்கு அடியில், ரொம்ப அடியில், மாடி வீட்டுக்காரர்கள் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். தினமும் பதினொன்றேகாலுக்குப் போடுவார்கள். இத்தனை வருடம் அந்த வீட்டில் ஒவ்வொரு சத்தமும் எனக்கு மனப்பாடம், அன்று மட்டும் அது காதில் விழவில்லை. என் கவனமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

இது எங்கள் வேலையில் ஒரு கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு. பதிவுக்கு அடியில் இப்படி ஓடும் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் வடிகட்டி எடுத்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. நான்தான் வடிகட்ட மாட்டேன் என்று வீம்பாக இருந்தேன். வடிகட்டினால் குரல் செத்துவிடும், தகரத்தில் பேசுவது போல ஆகிவிடும் என்று குழுவில் எத்தனையோ தடவை பாடம் எடுத்திருக்கிறேன். வடிகட்டியிருந்தால் நீங்கள் இப்போது இந்தக் காகிதத்தை எனக்குக் கொடுத்திருக்கமாட்டீர்கள். பூச்சிமருந்து அந்தப் பதிவைக் காதுக்கு அனுப்ப, ‘காது’ மூச்சுக்கு அடியில் இருந்த மோட்டார் சத்தத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சுத்தமாகப் பிரித்திருந்தார். அவர் வேலை எப்போதும் சுத்தம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை இப்போது சொல்கிறேன்.

சிலிண்டரை ஞாயிற்றுக்கிழமையே எடுத்து என் அறைப் பரணில் வைத்துவிட்டேன். நிரப்பக் கொடுத்திருப்பதாக அண்ணியிடம் சொன்னேன். செவ்வாய் காலை அண்ணி போனதும் அண்ணனுக்கு டீ கொடுத்தேன், முகம் துடைத்துவிட்டேன், டப்பாவைக் கழுவி வைத்தேன். பதினொன்றைத் தாண்டியதும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் எங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். மின்விசிறி நின்றது, மெஷின் நின்றது. உள்ளே வந்து கரெண்ட் போய்விட்டது என்றேன். சிலிண்டர் எங்கே என்றார். நிரப்பக் கொடுத்திருக்கிறது என்றேன். அண்ணிக்கு போன் போடு என்றார். போட்டுவிட்டேன், வருகிறார் என்றேன். வேர்க்கிறது என்று ஜன்னலைத் திறக்கச் சொன்னார். தெருச் சத்தம் உள்ளே வரும், அதனால் திறக்கவில்லை.

மைக்கைப் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரெக்கார்டரில் மாட்டி அவர் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் மைக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதன் பிறகு கரெண்ட் எப்போது வரும் என்று கேட்கவே இல்லை. அதை நான் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் விசாரணையில், மெஷின் சத்தம் பதிவைக் கெடுத்தது, அதனால்தான் நிறுத்தினேன், இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை என்றேன். நீங்களும் அதை எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். மெஷின் சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை. வடிகட்ட எனக்கு மனசில்லை என்றாலும், குழாயை நீட்டி மெஷினை அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தால் போதும், ஒன்றும் கேட்காது. குழுவில் இருந்த ‘காது’ எனக்கு அந்த யோசனையைச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. ஒருநாள் செய்தும் பார்த்தேன். பதிவு கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் அதில் அண்ணன் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கு எதற்கு.

எனக்குத் தேவை நாற்பது நொடி. ஏழாவது நிமிடத்திலேயே அது கிடைத்துவிட்டது. கிளிப்பில் அறுபத்தெட்டு. அப்போதே போய் மெயினைப் போட்டிருக்கலாம், போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். இருக்கும். ஆனால் எட்டாவது நிமிடம் ஏழாவதைவிட நன்றாக இருந்தது. பத்தாவது அதைவிட. இதோ நிறுத்தலாம் என்று எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் இதுவரை கேட்காத ஏதோ ஒன்று வரும். என்ன செய்வது, உட்கார்ந்துவிடுவேன். அவர் கை ஒருதடவை நீண்டு என் முழங்காலைத் தேடியது. துணி உரசினால் மைக்கில் விழும் என்பதால் நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

பத்தொன்பது நிமிடம் ஓடுகிற அந்தப் பதிவை முழுதாகக் கேட்டது நீங்களும் நானும்தான். அதில் பதினான்காவது நிமிடத்தில் ஒரு சத்தம் வரும், மொளக் என்று. அது அண்ணன் இல்லை. அது நான், எச்சில் விழுங்கியது. அந்த இடம் வந்தால் என்னால் தாங்க முடியவில்லை. மற்றதையெல்லாம் கேட்டுவிடுவேன், அந்த ஒரு விழுங்கலைக் கேட்டால் உடம்பெல்லாம் கூசுகிறது. எத்தனை அசிங்கமான சத்தம். நீங்கள் அதை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று கேட்க நினைத்தேன்.

குழு என்னை விலக்கிவிட்டது என்றீர்கள். கேமை இப்போது ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது நீங்கள் முகம் சுளித்தீர்கள். அந்த ஒரு விஷயத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி. செய்தியைப் படித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, ஐந்தாவது எப்போது வரும் என்று காத்திருக்கும் அந்தக் கூட்டத்தை நினைத்தால் எனக்கும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. அவர்கள் ஒருவராவது அண்ணனுடைய டப்பாவைக் கழுவியிருப்பார்களா.

கடைசியாக நீங்கள் கேட்டதற்குப் பதில். மூச்சு நின்றபின் பதிவில் ஒரு நிமிடம் சத்தமே இல்லாமல் ஓடுகிறதே, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டீர்கள். எந்தப் பதிவானாலும் முடிவில் வெறும் அறையின் அமைதியை ஒரு நிமிடம் சேர்த்து எடுக்க வேண்டும். பிறகு வெட்டி ஒட்ட அது தேவைப்படும். அதனால் நாற்காலி முனகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம் ஆனதும் பதிவை நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றித் துடைத்து வைத்தேன். ஆமாம், அண்ணனைக் கொன்றது நான்தான். தெரிந்துதான் செய்தேன். கரெண்ட் போடப் போவதற்கு முன் அவர் பக்கத்தில் குனிந்து, ரொம்ப நன்றாக வந்திருக்கிறது அண்ணா என்று சொன்னேன். கண் திறந்துதான் இருந்தது. அவருக்கும் திருப்தியாகத்தான் இருந்திருக்கும்.